பூவிழியின் சேலைத்துண்டு

அம்மாவின் பழைய நூல்சேலையில் கிழித்த துண்டு அது. அதன் முனையை மூக்கில் தேய்த்தால்தான் குழந்தை பூவிழிக்குத் தூக்கம் வரும். பாலும் எச்சிலும் பட்டுப்பட்டுத் துண்டு புளித்த வாடை அடித்தது.

"கொஞ்சம் தள்ளி இரு தாயே, குமட்டுது" என்று கொடியில் தொங்கும் வெள்ளைத் துவாலை தினமும் கேலி பேசும். துண்டு கூனிக் குறுகிப்போகும். "சாமி, என்னையும் ஒரு நாள் துவைக்க வையேன்" என்று வேண்டிக்கொள்ளும்.

ஒரு நாள், குழந்தை அசந்த நேரம் பார்த்து அம்மா அதை சோப்புப் பவுடரில் ஊறவைத்து அலசினாள். வாசனைத் திரவமும் ஊற்றிக் காயப்போட்டாள். மல்லிகை மணத்தோடு துண்டு மிதப்பாகப் பூவிழியிடம் போனது.

அவள் முகர்ந்து பார்த்தாள். "இது வேணாம்! என் துணி குடு!" என்று வீசி எறிந்துவிட்டு வீடே அதிர அழுதாள்.

"இப்ப என்னடி பண்ணுவே?" என்றது துவாலை. அதற்கே பாவமாக இருந்தது.

"இனி கரித்துணிதான்க்கா நான்" என்று துண்டு விம்மியது.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தோசை சுடப் போனாள். கழுத்து வேர்வையை அதில் துடைத்தாள். பால் சிந்திய கையையும் அதிலேயே துடைத்தாள்.

அழுதபடி பின்னாலேயே வந்த பூவிழி, அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்தாள். துண்டு அசையாமல் காத்திருந்தது. மெல்ல விசும்பல் நின்றது. சின்ன விரல்கள் முனையைத் தேடிப் பிடித்தன.

"தோசை தீயுதுடி, விடு" என்றாள் அம்மா.

பூவிழி விடவில்லை. துண்டும் அந்த விரல்களை விடவில்லை.