மருதாணி வைக்காத விரல்

வண்டியூர் வங்கிக் கிளையின் கண்ணாடிக் கதவு வழியே வரும் வெயில், கவுண்டரில் ஊன்றிய முபீனாவின் கைகளில் விழுகிறது. நேற்று நாத்தனார் மகளுக்கு நிக்காஹ். விரல் நுனிகளில் தொப்பி போட்டதுபோல மருதாணி கருஞ்சிவப்பாய்ப் பிடித்திருக்கிறது. அரசு மாதந்தோறும் இவளுக்குத் தரும் பணம், கணவர் ஏ.டி.எம். கார்டை வைத்திருக்கும் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆதாரைப் புதுக் கணக்கோடு இணைத்துவிட்டால் இவள் கைக்கே வரும். கவுண்டரில் இருக்கும் ரோகிணி அந்தக் கைகளைப் பார்த்ததும் கைரேகைக் கருவியை ஓரமாய்த் தள்ளுகிறாள். “இம்புட்டு மருதாணியோட வந்தா மெசினு எப்படிம்மா எடுக்கும்? வெளுத்த பெறகு வாங்க.” “இருங்கக்கா, இது எடுக்கும்.” உள்ளங்கைக்குள் மடங்கியிருந்த இடது கட்டைவிரலை முபீனா நிமிர்த்துகிறாள். அதில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. “கல்யாண வீட்ல கேலி பண்ணலையா?” “பண்ணாம? இந்த ஒத்த விரலு என்ன பாவம் செஞ்சுச்சுன்னு நாத்தனாவே கேட்டாங்க. அதுக்கு வேற எடத்துல கல்யாணம் இருக்குன்னேன்.” ரோகிணி சிரித்துவிடுகிறாள். மருதாணிக் கிண்ணம் சுற்றிவந்த கூடத்தில், அத்தனை பேர் கேலிக்கும் நடுவே இந்த விரல் மடங்கியே இருந்ததை நினைத்துப் பார்க்கிறாள். தன்னால் அப்படி இருந்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. கருவியை மெல்ல முன்னால் நகர்த்துகிறாள். முபீனா விரலை முந்தானையில் துடைத்து அழுத்துகிறாள். பச்சை விளக்கு எரிகிறது. “முடிஞ்சிருச்சும்மா. இனி உங்க கணக்குக்குத்தான் வரும்.” முபீனா அந்த விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “சாயங்காலம் இதுக்கும் வச்சிர வேண்டியதுதான்.”