ஈர ரோட்டில் புது டயர்

"இந்த வாட்டி புது டயர் மாட்டு கண்ணு," என்றார் லாரி ஓட்டும் அப்பா.

மகள் கார் பந்தய விளையாட்டில் டயரை மாற்றினாள். திரையில் மழை கொட்டியது. வளைவில் கார் வால் வீசி வழுக்கிப் போய்ச் சுவரில் இடித்து நின்றது.

"இதுக்குப் பேரு டிரிஃப்ட்டுப்பா."

"தேஞ்ச டயர்?"

அதுவும் அதே வளைவில் வழுக்கியது. அகலமான டயரும் அப்படியேதான்.

"மறுபடியும் புதுசு போடு."

மறுபடியும் வழுக்கியது. இதற்காகத்தான் அவள் ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருந்தாள்.

"பாத்தீங்கல்ல? அண்ணன் வண்டிக்குக் கேட்டப்பவே நீங்க புது டயர் வாங்கிக் குடுத்திருந்தாலும், அண்ணன் செத்த அன்னிக்கு மழையில இதேதான் நடந்திருக்கும். உங்க மேல தப்பே இல்ல. எழுந்து வந்து ஒரு வாய் சாப்பிடுங்கப்பா."

அப்பா எழுந்திருக்கவில்லை. அவள் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

"நான் திரையைப் பாக்கல கண்ணு, உன் விரலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். தேஞ்ச டயர் தானா வழுக்குச்சு. புது டயருக்கு மட்டும் நீ ஹேண்ட்பிரேக்கை அமுக்கி வழுக்க வச்சே."