அடுத்தவன் மாட்டிய கேம்ஷாஃப்ட்

“இதை மாட்டுனவன் மெக்கானிக்கா, இல்ல மாட்டுக்கு லாடம் அடிக்கிறவனாண்ணே?”

பானெட்டுக்குள் தலையை விட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார் பூமிநாதன். காரைக்குடியில் இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். எந்த வண்டி வந்தாலும், அதை முன்னால் தொட்டவனைத் திட்டிவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பார். அவனை நல்ல வேலைக்காரன் என்று சொல்லிவிட்டால், வந்தவன் மறுபடி அவனிடமே போய்விட மாட்டானா? இதற்குத் தொழில் சூட்சுமம் என்று பெயர் வேறு வைத்திருந்தார்.

வந்திருந்தது யுத்த காலத்துப் பிக்கப். கொண்டுவந்தவர் சேதுபதி, புதுவயல் அரிசி மில்களில் தவிடு ஏற்றி வியாபாரம் செய்கிறவராம். இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற பழைய கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. கம்பெனி சாமான் எங்கே தேடியும் அகப்படவில்லை. கோயம்புத்தூரில் யாரோ கடைந்து விற்கிற வெளிச் சாமானை வாங்கி, போன வாரம் மாட்டியிருக்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அனுபவப்பட்ட ஒருத்தர் திறந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றார்.

நன்றாக ஓடுகிற வண்டியைத் திறந்து காட்ட இத்தனை தூரம் வந்த மனுஷனை நினைத்துப் பூமிநாதன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ரேடியேட்டரைக் கழற்றும்போதும் அவர் மனசு வேலையில் இல்லை, வீட்டில் இருந்தது.

மகள் மீனாளுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. வந்த வரன்களுக்கெல்லாம் நொட்டை சொல்லியே விரட்டியவர் அவர்தான். ஒருத்தனுக்கு நடை சரியில்லை, ஒருத்தனுக்கு அப்பன் சரியில்லை. அப்புறம் இரண்டு வருஷம் வாசல் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது காளையார்கோவிலில் ஒரு பையன் அமைந்திருக்கிறான். கெட்ட பழக்கம் இல்லை, சொந்தக் கை உழைப்பு, ஜாதகமும் பொருந்திவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் பக்கமிருந்து சேதி வரவேண்டும்.

“இதுவும் தட்டிப்போச்சுன்னா எம்பொண்ணு இந்த வீட்டுலயே நரைச்சுப் போவா. அவுக வந்தா வாயைக் கொஞ்சம் அடக்கி வையுங்க” என்று காலையில்தான் மனைவி மலையம்மாள் அழுதுவிட்டுப் போனாள்.  சம்பந்தி வீட்டார் வந்தால் தேன் ஒழுகப் பேசுவது என்று பூமிநாதனும் அப்போதே முடிவு செய்துவிட்டார். அதற்காக வருகிற போகிறவனிடமெல்லாம் தேனை வீணாக்க முடியுமா?

இன்ஜினின் முன்மூடியைக் கழற்றினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

இரண்டு பல்சக்கரங்களிலும் அடையாளத்துக்குக் குத்தியிருந்த புள்ளிகள், நிற்க வேண்டிய மாதிரியே நேருக்கு நேர் நின்றன. கையால் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் பிடிக்காமல், எங்கேயும் ஆடாமல், ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு சுற்றியது. வெளிச் சாமானை இவ்வளவு பொறுமையாக அரம் போட்டு ராவி, மயிரிழை பிசகாமல் உட்கார வைத்திருக்கிறான் ஒருத்தன். இதே மாதிரி ஒரு ஷாஃப்டைப் பூமிநாதன் மாட்டிக் கொடுத்த லாரி மூன்று தடவை கயிறு கட்டி இழுபட்டுத் திரும்பி வந்தது. அந்த லாரிக்காரன் இப்போது இந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. வயிற்றெரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் சொன்னேன்ல? புள்ளி ஒரு பல்லு தள்ளி நிக்குது” என்றார் கூசாமல்.

சேதுபதி குனிந்து பார்த்தார். நேராக நிற்கிற மாதிரித்தான் தமக்குத் தெரிகிறது என்றார். தவிட்டு மூட்டையைப் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று அவரை மடக்கினார் பூமிநாதன். அப்புறம் வாய் நிற்கவில்லை. ஷாஃப்ட் உள்ளே ஆடுகிறதாம். பத்து நாளில் இன்ஜின் வெடித்து நடுரோட்டில் நிற்குமாம். மாட்டியவன் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டியிருக்கிறானாம்.

சேதுபதி பொறுமையாகக் கேட்டார். “வேலையை வச்சே ஆளு எப்படின்னு சொல்லிருவீக போலருக்கே?”

“கை எப்படியோ ஆளும் அப்படித்தாண்ணே. பொறுப்புக் கெட்ட பய. பொய்யும் புரட்டுமாத்தான் பொழப்பு நடத்துவான். இவனையெல்லாம் வீட்டுப் படி ஏத்தக் கூடாது.”

 எதையும் மாற்ற வேண்டாம், இருந்தது இருந்தபடியே மூடிவிடுங்கள் என்றார் சேதுபதி. பூமிநாதனுக்கு ஏமாற்றம். முணுமுணுத்துக்கொண்டே மூடினார். சாவியைத் திருகியதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பி, நின்ற இடத்திலேயே மெத்தென்று ஓடியது.

“அண்ணே, ஒங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். எவன்ணே அந்தப் பய?”

“என் அக்கா மகன்தான். காளையார்கோவில்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான்” என்றார் சேதுபதி. பக்கத்து சீட்டில் மஞ்சள் துணி மூடியிருந்த வெற்றிலைபாக்குத் தட்டு சரிந்துவிடாமல் உள்பக்கம் தள்ளிவைத்தார். “மாமனாரா வரப் போறவரு மாப்பிள்ளையோட கைவேலையை மொதல்ல கண்ணால பாக்கட்டும், அப்புறம் தட்டை மாத்திக்கலாம்னு கொண்டாந்தேன். இம்புட்டு மோசமான பயலுக்கு உங்க பொண்ணைக் கேக்க எனக்கு வாய் வரலைங்க.”