ஆடாத நட்சத்திரம்

மூன்றாவது முறையும் ஃபாஸ்டோ கயிற்றைச் சுண்டி இழுத்தான்.

பிறந்தநாள் விளையாட்டில் கம்பால் அடித்து உடைப்பதற்காகத் தொங்கவிட்ட, மிட்டாய் அடைத்த காகித நட்சத்திரம் விர்ரென்று மேலேறியது. கீழே, சக்கர நாற்காலியில் கண்கட்டோடு இருந்த செனைடாவின் கம்பு வெறும் காற்றை அடித்தது.

ரெபேகா பதறினாள். "டேய், கீழே இறக்குடா! அவளுக்கு எட்டாதுன்னு தெரியாதா உனக்கு?"

"எட்டும், அக்கா. நீ சும்மா இரு."

மகளுக்கு அன்று ஒன்பதாவது பிறந்தநாள். வருஷா வருஷம் ரெபேகாதான் கயிற்றைப் பிடிப்பாள். நட்சத்திரத்தை மகளின் முகத்துக்கு நேரே அசையாமல் இறக்குவாள். ஒரே அடியில் உடையும், முற்றமே கைதட்டும். இந்த முறை, வேராகுரூஸிலிருந்து வந்திறங்கிய தம்பி கயிற்றைப் பறித்துக்கொண்டான்.

"இடது பக்கம்! இல்ல, மேலே! மேலே!" பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

செனைடா எம்பினாள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து, தடாலென்று நிமிர்ந்தது. கம்பு தெறித்து ஓடியது.

"ஐயோ, நடக்க முடியாத புள்ளையப் போட்டு இப்படி வதைக்கிறானே! கல்நெஞ்சன்!" என்று பக்கத்து வீட்டு எவுலாலியா நெஞ்சில் சிலுவைக்குறி இட்டாள்.

ஃபாஸ்டோ சிரித்தான். "கம்ப எடுத்துக் குடுங்கப்பா. மருமக இன்னும் தோக்கல."

ரெபேகா பாய்ந்து போய், அத்தனை பேர் முன்னிலையிலும் தம்பியின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள்.

ஃபாஸ்டோ கன்னத்தைத் தடவினானே தவிர, கயிற்றை விடவில்லை.

"அம்மா! மாமாவ அடிக்காத!" செனைடா கண்கட்டை நெற்றிக்கு ஏற்றினாள். முகமெல்லாம் வியர்வை. "ஆட்டிக் காட்டச் சொல்லி நான்தான் கெஞ்சிக் கேட்டேன்."

"எதுக்குடி? ஒரே அடியில உடைக்கிறவதானே நீ?"

"நானா உடைச்சேன்? ஒவ்வொரு வருஷமும், என் கம்பு படறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுடுதேம்மா."

கைதட்டிப் பழகியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலை குனிந்தார்கள்.

ரெபேகாவின் பாவாடை மடிப்பில் மறைந்திருந்த துடைப்பக்கட்டை, கைநழுவிக் கல்தரையில் உருண்டது.