கீழ்க்கட்டிலுக்கு ஒரு ஃபைனல்

“கையை எடுல!”

செல்வசிங் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

கார்மேகம் கையை எடுக்கவில்லை. உருட்டிய பகடை இரண்டும் அவன் உள்ளங்கைக்கு அடியில் இருந்தன.

“விரலால பகடையைத் திருப்புன. இந்தக் கண்ணால பாத்தேன்.”

“தெரியாமப் பட்டிருச்சு பிரதர்.”

“தெரியாமயா? ஃபைனல்ல, கடைசி உருட்டுக்கு, கரெக்டா வந்து படுமோ?”

சவூதியில், ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் அந்த அறைக்கு வெள்ளிக்கிழமை என்றால் பேஸ்பால்தான். மைதானமும் கிடையாது, மட்டையும் கிடையாது. ஊருக்குப் போன அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் விட்டுச்சென்ற அட்டைப்பெட்டி விளையாட்டு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு அட்டை. பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அவன் அட்டையில் பார்த்தால் அடித்தானா அவுட்டா என்று தெரிந்துவிடும். பேஸ்பாலை டிவியில்கூட ஒழுங்காகப் பார்த்திராத இந்த மகராசன்கள், அட்டைகளுக்கு ‘இடி’ இருளாண்டி, ‘கொடுக்கு’ குருசப்பன் என்றெல்லாம் பேர் வைத்து, ஆளுக்கொரு டீம் கட்டி, லீக்கே நடத்தினார்கள்.

லீக்கின் தலைவன் முட்டத்துக்காரன் செல்வசிங். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை, கூட இருப்பவனுக்கு மூச்சு முட்டும்.

ஜெயித்தால் கோப்பை இல்லை. ஜன்னலோரக் கீழ்க்கட்டில், அடுத்த சீசன் வரை. மற்ற அடுக்குக் கட்டில்களின் கீழ்த்தட்டுகளில் அரிசி மூட்டையும் பெட்டிகளும் அடைந்து கிடந்தன. டியூட்டி முடிந்து வந்து ஏணி ஏறாமல் அப்படியே சாய அறையில் அந்த ஓர் இடம்தான். போன சீசனில் அதைப் பிடித்த கார்மேகம், மகாராஜா மாதிரி கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தான்.

இன்று அவனுக்கு எதிரே பொன்னுச்சாமி, அறையிலேயே மூத்தவர். கடைசி ஆளாகக் கார்மேகம் தன் டீமிலேயே மட்டமான அட்டையை எடுத்துப் போட்டபோது, “திமிரைப் பாருங்க” என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆளுக்கு ஆறும் ஆறும் விழுந்தால் மட்டும் ஹோம் ரன், கட்டில் கார்மேகத்துக்கு. வேறு எது விழுந்தாலும் அவுட், கட்டில் பொன்னுச்சாமிக்கு.

உருட்டினான். விரல் பட்டது. மாட்டிக்கொண்டான்.

“இதுக்குப் போயி கள்ளாட்டமாங்க?” என்று துள்ளினான் சுரேஷ்குமார். ஃபோர்மேனின் வண்டி ஓட்டுகிறவன். அறையில் யாராவது தும்மினால் அங்கே ஃபோர்மேனுக்குச் சளி பிடித்துவிடும், அப்படிப்பட்ட வாய்.

“விடுங்கப்பா, இன்னொரு தடவை உருட்டட்டும்” என்றார் பொன்னுச்சாமி.

“சட்டம்னா சட்டம்தான் அண்ணே. பகடையில கை வச்சா ஆட்டம் போச்சு. கட்டில் ஒங்களுக்கு.”

சண்டைக்கு வருவான் என்று செல்வசிங் தயாராகத்தான் நின்றான். கார்மேகம் பகடையை வாரிப் பெட்டியில் போட்டுவிட்டு, மெத்தையைச் சுருட்டினான். “கலாஸ், முடிஞ்சுது” என்று சொல்லி மேல்தட்டில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டான்.

ஃபைனல் முழுவதும் செல்வசிங்கின் போனில் பதிவாகியிருந்தது.

“கேம்ப் குரூப்ல போடுங்க பிரதர். அத்தனை பேரும் காறித் துப்பட்டும்!” என்றான் சுரேஷ்குமார்.

செல்வசிங்குக்கும் அதே எண்ணம்தான். வராந்தாவுக்கு வந்து, கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வீடியோவை மெதுவாக ஓட்டினான்.

பகடை உருண்டது, நின்றது.

ஆறு. இன்னொன்றும் ஆறு.

அதற்கப்புறம்தான் கார்மேகத்தின் விரல் வந்தது. ஒரு பகடை புரண்டு, ஆறு போய் ஒன்று வந்தது.

அட ஆண்டவரே! மறுபடி ஓட்டிப் பார்த்தான். அதேதான்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவனைப் போய்ப் பிடித்தான். “லேய், ஜெயிச்ச ஆட்டத்தை எதுக்குல கலைச்ச?”

“சத்தம் போடாதீக பிரதர்.” கார்மேகம் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “பொன்னுச்சாமி அண்ணனுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. காலைக் கையால தூக்கித் தூக்கி வச்சுல்ல ஏணி ஏறுறாரு. பாக்க முடியல.”

“கட்டிலைச் சும்மா குடுத்திருக்கலாமே?”

“குடுத்தா ஏன்னு கேப்பான் சுரேஷ்குமாரு. காலையில ஃபோர்மேன் காதுக்குப் போயிரும். அன்ஃபிட்டுன்னு சொல்லி ஊருக்கு ஏத்திருவாங்க. ஸ்டோர்ல உக்காந்து நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்குற மனுசன். முட்டி வலியால எந்த வேலை கெட்டுப்போச்சு, சொல்லுங்க? அதான் தோத்துருவோம்னு பாத்தேன். இருக்குறதுலயே சோப்ளாங்கியாப் பாத்து எறக்கினேன். பாழாப்போன பகடை, அவனுக்குப் போயி ஆறும் ஆறும் விழுந்து தொலைக்குது!”

செல்வசிங் சிரித்துவிட்டான். “ஒன்னைக் கள்ளன்னு சொல்லிட்டேனே மக்கா. வா உள்ள, எல்லார்கிட்டயும் நானே சொல்லுதேன்...”

“என்னன்னு சொல்லுவீக?”

கதவை நோக்கி நடந்த செல்வசிங் நின்றுவிட்டான்.

“அண்ணன் கீழ படுக்கட்டும் பிரதர். நான் கள்ளனாவே இருந்துட்டுப் போறேன்.”

அறைக்கதவு திறந்தது. சுரேஷ்குமார் தலையை நீட்டினான். “என்னங்க பிரதர், குரூப்ல இன்னும் வீடியோவைக் காணோம்?”

செல்வசிங் போனைப் பார்த்தான். கார்மேகத்தைப் பார்த்தான். கட்டைவிரலால் வீடியோவை அழித்தான். சட்டென்று கார்மேகத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

“வீடியோ எதுக்கு? நானே நேர்ல பாத்தேன்லா!”

கோபத்தில் மனுஷனுக்குக் கண்ணே கலங்கிவிட்டதே என்று சுரேஷ்குமார் வாயைப் பிளந்து நின்றான்.

“த்தூ! நீயெல்லாம் ஒரு மனுசனாலே!”