பட்ட மரத்துக்குக் கூலி வேண்டாம்

டெக்சாஸுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே மிரியம் கணவரைப் பறிகொடுத்தாள். மார்ச் பிறந்ததும் வாசலில் நின்ற பெரிய ஓக் மரமும் மொட்டையாகிவிட்டது.

"குளிர் முழுக்கப் பச்சைப்பசேல்னு நின்னுச்சு ராய்ஸ். ஒரே வாரத்துல அத்தனை இலையும் கொட்டிடுச்சே. சிகாகோவுல இப்படிப் பார்த்ததே இல்ல" என்று அழுதாள்.

மரம் அறுக்கும் ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். மனைவி டார்லீன் கொடுத்தனுப்பிய ஆப்பிள் கேக்கை நீட்டினான்.

"பட்டுப்போச்சும்மா. காத்தடிச்சா கூரை மேல சாஞ்சிடும். நானே வெட்டி எடுத்துட்டுப் போறேன். கூலியெல்லாம் வேண்டாம்."

"அவரோட சாம்பலை இதோட வேர்லதான் தூவினேன்."

"அப்ப இந்த மரத்துலயே உங்களுக்கு ஒரு பெஞ்சு செஞ்சு தரேன்."

மிரியம் அவன் கையைப் பற்றிக்கொண்டாள். "உங்களை மாதிரி மனுஷங்க இருக்கறதாலதான் இந்த ஊர்ல நான் தனியா இருக்க முடியுது."

மாலையில் ராய்ஸ் தன் வீட்டுக் கொல்லையில், டிரெய்லரில் இருந்த சின்ன அறுப்பு மெஷினில் அடிமரத்தை ஏற்றினான். வாள் ஓட ஓட நீர் கசிந்தது. சூடான கேக்கோடு வந்த டார்லீன் ஈரப்பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லவேளை. ரெண்டு வாரம் போயிருந்தா துளிர் விட்டிருக்கும்."

"மார்ச்சுல இலையைக் கொட்டிட்டுத் துளிர்க்கிற மரம்னு சிகாகோக்காரிக்கு எப்படித் தெரியும்?"

"அவளுக்குப் பெஞ்சு?"

"உளுத்த பலகை ஒண்ணு மூலையில கிடக்கு, அது போதும். இந்தக் கேக் யாருக்கு?"

"சர்ச் தெருவுக்கு நியூயார்க்லேர்ந்து ஒரு ஜோடி வந்திருக்கு. அவங்க மரமும் நேத்துலேர்ந்து கொட்டுது. சூடு ஆறதுக்குள்ள போயிட்டு வா."