சூரியனைச் சுற்றி ஒரு வளையம்

நொச்சிக்குப்பத்து மணலில், கவிழ்த்த படகின் நிழலில், மடியில் லேப்டாப்போடு குந்தியிருக்கிறாள் சந்திரிகா. நேற்று சூரியனில் வெடித்துக் கிளம்பிய மின்துகள் மேகத்தின் ஓரத்தைப் படம் படமாகக் கோடு போட்டுத் தொடர்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி வேலை. அந்தச் சூரியப் புயல் பூமிமேல் மோதினால் இருட்டியதும் ஜிபிஎஸ் தடுமாறலாம். கடலில் விட்ட வலையைத் தேடி அண்ணன் திணறுவான். எஞ்சினைத் தோளில் சுமந்தபடி நிற்கிறான் அண்ணன் எத்திராஜ். "இன்னாம்மா, வருதா இல்லியா? போன தபா உன் பேச்சக் கேட்டு கரைல குந்திக்கினோம். உன் புயலு வேற பக்கம் பூட்ச்சு. மீனெல்லாம் பக்கத்துக் குப்பத்துக்காரன் அள்ளிக்கினு பூட்டான்." படத்தில் மேகம் சூரியனைச் சுற்றி வளையமாக விரிகிறது. நேராக நம்மை நோக்கி வந்தாலும் இப்படித்தான் தெரியும்; அந்தப் பக்கமாக விலகிப் போனாலும் இப்படித்தான் தெரியும். போன தடவை இங்கேதான் ஏமாந்தாள். சூரியனின் முகத்தைக் காட்டும் இன்னொரு படத்தைத் திறக்கிறாள். நட்டநடுவில், நம் பக்கமாகவே, வெடித்த இடம் வெள்ளையாக எரிகிறது. "வருதுண்ணா. பொழுது சாய்றப்போ வந்துரும்." அவன் மேற்கே பார்க்கிறான். மாடிவீடுகளுக்கு மேலே சூரியன் எப்போதும்போல் காய்கிறது. எஞ்சினை மணலில் இறக்கிவைக்கிறான். "இந்த தபாவும் வர்லன்னா, நாளைக்கு ரோட்டாண்ட நீதான் காலி மீன்கூடைய வச்சிக்கினு குந்தணும்." வந்துவிடட்டும் என்று அவள் மனசு வேண்டிக்கொள்கிறது. பக்கத்துக் குப்பத்துப் படகுகள் அலையைத் தாண்டி உள்ளே போகின்றன. சட்டென்று எழுந்து, போகாதீர்கள் என்று கையை ஆட்டுகிறாள். அவர்களும் சிரித்துக்கொண்டே கையாட்டுகிறார்கள்.